குவாடி: நின்றுபோன ஓத மின்திட்டமும் ஒரு கடற்கரையும்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலமும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணமும் கடலோரத்தில் சந்திக்கும் எல்லையில் பாஸமகுவாடி, காப்ஸ்குக் என்னும் இரண்டு குடாக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவை உலகிலேயே மிக உயர்ந்த ஓதங்களைக் கொண்ட ஃபண்டி விரிகுடாவின் வாயிலில் இருப்பதால், ஓதம் எனப்படும் கடலின் ஏற்றமும் வற்றமும் இங்கே சராசரியாக 18 அடி அளவுக்கு நிகழ்கின்றன; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அந்த அளவு 25 அடியை எட்டும். ஒவ்வோர் ஏற்றத்தின்போதும் தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய கால்வாய்கள் வழியாக ஏறத்தாழ 200 கோடி கன மீட்டர் நீர் உள்ளே புகுந்து, ஆறு மணி நேரத்தில் மீண்டும் வெளியேறுகிறது. இந்நீரோட்டத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனை 1919ஆம் ஆண்டையொட்டித் தோன்றி, 1935இல் வேலையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே நின்றது. ‘குவாடி’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அத்திட்டத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரமும் கிடைக்கவில்லை. பொறியியல் வரலாறுகள் அதைப் பெரும்பாலும் ஒரு தோல்விக் கதையாக இரண்டொரு பத்திகளில் முடித்துவிடுகின்றன. எனினும், அத்திட்டம் பேச்சளவில் இருந்த காலத்திலும், பாதியில் கைவிடப்பட்ட பின்னரும், அக்கரையில் வாழ்ந்த மக்களின் தொழிலையும் வழித்தடங்களையும் நகராட்சியின் கணக்கேட்டையும் மாற்றிய விதம் தனியே ஆராயத்தக்கது.

குடாவுக்குப் பெயர் தந்த பாஸமகுவாடி மக்கள் அக்கரையின் தொல்குடியினர். அல்கோன்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசுபவர்கள். கோடையில் கடற்கரையில் மீன்பிடித்தும் சிப்பி தோண்டியும், குளிர்காலத்தில் உள்நாட்டில் வேட்டையாடியும் வாழ்ந்த இவர்கள், 19ஆம் நூற்றாண்டில் மரப்பட்டைத் தோணிகளில் சென்று கடற்பன்றிகளை வேட்டையாடி எண்ணெய் எடுத்து விற்பதிலும் பெயர்பெற்றிருந்தனர். 1794இல் மாசசூசெட்ஸ் அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று, குடாவை நோக்கி நீண்டிருக்கும் சிபாயிக் முனை. ஆங்கிலேயர் வைத்த பெயர் பிளெசன்ட் பாயின்ட். 1820இல் மெய்ன் தனி மாநிலமானபோது, இவர்களைப் ‘பராமரிக்கும்’ பொறுப்பும் அதன் கைக்கு மாறியது. பராமரிப்பு என்பது நடைமுறையில் ஓர் அரசு முகவர் மூலம் உணவும் உதவியும் அளந்து தரப்படும் ஏற்பாடாகவே இருந்தது. மாநிலத் தேர்தல்களில் இவர்களுக்கு வாக்குரிமையும் இருக்கவில்லை.

சிபாயிக்குக்குத் தெற்கே மூஸ் தீவின்மீது ஈஸ்ட்போர்ட் நகரம் அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் இது ஒரே தொழிலை நம்பி வளர்ந்த ஊர். ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சார்டின் மீன் டப்பாக்களுக்கு ஈடாக, ஹெர்ரிங் மீனின் இளங்குஞ்சுகளை எண்ணெயிலும் கடுகுச் சாற்றிலும் அடைத்து விற்க முடியும் என்று கண்டறியப்பட்டதும், 1875ஐ ஒட்டி அமெரிக்காவின் முதல் சார்டின் ஆலை இங்கே எழுந்தது. 1886இல் ஊரில் 13 ஆலைகள் இருந்தன. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 5,311.

இத்தொழிலின் நுட்பத்தைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் பின்னர் எழுந்த சச்சரவு முழுவதும் அதிலிருந்தே கிளைத்தது. ஹெர்ரிங் குஞ்சுகளைப் பிடிக்க இங்கே படகேறி வலைவீசிச் செல்பவர் குறைவு. கரையையொட்டிக் கடலடியில் மரக்கழிகளை நட்டு, இடையிடையே தழைக்கொம்புகளைப் பின்னியோ வலையைக் கட்டியோ அமைக்கும் மீன்வேலிகளே முதன்மையான கருவி. இரவில் ஏற்றநீரோடு கரையோரமாக வரும் மீன்கூட்டம், கரையிலிருந்து குறுக்கே நீளும் ஒற்றை வேலியில் முட்டி, ஆழத்தை நோக்கித் திரும்பி, அவ்வேலி முடியும் இடத்திலுள்ள வாய் வழியாக வளைந்த ஓர் அடைப்புக்குள் நுழைந்துவிடும். அடைப்பின் இரு ஓரங்களும் உள்நோக்கி மடிந்திருப்பதால், உள்ளே சுற்றிச்சுற்றி நீந்தும் மீன் ஒவ்வொரு சுற்றிலும் வாயைத் தாண்டியே சென்றுவிடும். நீர் வற்றியதும் மீனவர்கள் படகில் வந்து, சிறு வலையால் அடைப்பைச் சுற்றி இழுத்து மீனை அள்ளுவார்கள். இத்தொழிலில் வேலைநிறுத்தம் செய்யாத கூலியாள் ஓதமே. மீனைக் கொண்டுவருவதும் அதுவே, அள்ளுவதற்கு வாகாக நீரை வடிப்பதும் அதுவே. அதைவிட முக்கியமானது, குறுகிய கால்வாய்களில் பாயும் ஓட்டம் அடிநீரைப் புரட்டி மேலே கொண்டுவருவதால், ஹெர்ரிங்குக்கு இரையான மிதவையுயிர்கள் மேற்பரப்பில் செறிவது. ஈஸ்ட்போர்ட்டுக்கும் டீர் தீவுக்கும் இடையில் ‘ஓல்ட் சௌ’ என்னும் பெருஞ்சுழல் உண்டாவதும் இதே ஓட்டத்தால்தான்.

மீன் படகு துறையை நெருங்கியதும் ஆலையின் சங்கு ஊதும். ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி ஓசை இருந்ததால், எந்த ஆலைக்கு மீன் வந்திருக்கிறது என்பதைப் பெண்கள் வீட்டிலிருந்தே அறிந்து, நள்ளிரவானாலும் எழுந்து போனார்கள். தலையையும் வாலையும் வெட்டி டப்பாவில் அடுக்கும் வேலைக்கு நாட்கூலி இல்லை; முடித்த அளவுக்கே கூலி. சிறுவர்களும் இவ்வேலையில் இருந்தனர். குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்து ஆவணப்படுத்திய லூயிஸ் ஹைன் 1911 ஆகஸ்டில் ஈஸ்ட்போர்ட்டுக்கு வந்து எடுத்த படங்களில், தம் உயரத்துக்குப் பொருந்தாத கத்திகளைப் பிடித்து நிற்கும் பிள்ளைகளைக் காணலாம். மீனின் செதிலும் வீணாகவில்லை. அதிலிருந்து போலிமுத்துக்குப் பளபளப்பூட்டும் பூச்சு தயாரிக்கும் தொழில் ஒன்றும் ஊரில் வேரூன்றியது. ஆயினும் 1930இல் மக்கள்தொகை 3,466 ஆகக் குறைந்திருந்தது. தொழில் தளர்ந்துவந்த அந்நிலையில்தான் மின்திட்டம் ஊருக்குள் நுழைந்தது.

திட்டத்தை உருவாக்கியவர் டெக்ஸ்டர் கூப்பர் என்னும் பொறியாளர். டென்னசி ஆற்றில் வில்சன் அணையை அமைத்தவரும், பின்னர் சோவியத் நாட்டின் நீப்பர் அணைக்கு ஆலோசகராக இருந்தவருமான ஹ்யூ கூப்பரின் தம்பி இவர். மனைவியின் குடும்பத்துக்கு அருகிலுள்ள காம்போபெல்லோ தீவில் கோடைவீடு இருந்ததால், அங்கே தங்கிய காலத்தில் ஓதத்தைக் கவனித்து இந்த யோசனையை வளர்த்தார். அதே தீவில் கோடைவீடு வைத்திருந்த மற்றொரு குடும்பம் ரூஸ்வெல்ட்டுடையது. 1920இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஈஸ்ட்போர்ட்டில் பேசும்போதே ஓத மின்சாரத்தை ஆதரித்தார். திட்டத்தின் பிற்கால ஏற்ற இறக்கங்கள் அனைத்தும் அண்டை வீட்டார் இருவரின் இந்தப் பழக்கத்தோடு பின்னிப்பிணைந்தவை.

கூப்பரின் மூலத் திட்டம் இரட்டைத் தேக்க முறையில் அமைந்தது. பாஸமகுவாடிக் குடாவின் வாயில்களை அணைகளால் அடைத்து, கடல் உச்சத்தில் இருக்கும்போது மதகுகளைத் திறந்து நிரப்பி, அதை மேல்தேக்கமாக வைத்துக்கொள்வது. காப்ஸ்குக் குடாவை அதேபோல் அடைத்து, கடல் வற்றியிருக்கும்போது நீரை வெளியேற்றி, கீழ்த்தேக்கமாக வைத்துக்கொள்வது. இரண்டுக்கும் இடையில் மின்நிலையம் கட்டி, மேலிருந்து கீழாக விழும் நீரால் டர்பைன்களை இடைவிடாமல் சுழற்றுவது. ஒரே தேக்கம் இருந்தால் கடலுக்கும் தேக்கத்துக்கும் மட்டவேறுபாடு உள்ள சில மணி நேரங்களில் மட்டுமே மின்சாரம் கிடைக்கும். அந்நேரமும் நிலாவைப் பின்பற்றி நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் நிலாவின் கணக்குப்படி மின்சாரம் தந்து பயனில்லை என்பதால், இரட்டைத் தேக்கமே அத்திட்டத்தின் உயிர்நாடி. ஆனால் மேல்தேக்கமாக வேண்டிய குடாவின் பெரும்பகுதி கனடாவுக்குச் சொந்தம்.

மெய்ன் மாநிலத்தில் நீர்மின்சாரத்தை வெளிமாநிலத்துக்கு விற்பதைத் தடுக்கும் 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடைமுறையில் இருந்தது. குவாடி மின்சாரத்தை வாங்கும் அளவுக்கு மெய்னில் தொழிற்சாலைகள் இல்லாததால், கூப்பர் அச்சட்டத்திலிருந்து விலக்குக் கோரினார்; 1925இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மாநில மக்கள் மிகப் பெரும்பான்மையுடன் இசைவளித்தனர். அணைகளில் ஒன்று சிபாயிக் முனையைத் தொட்டு அமையவிருந்தது. ஆனால் வாக்குரிமை இல்லாத பாஸமகுவாடி மக்கள் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ள இயலவில்லை. கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிக்க அவர்கள் 1954 வரையிலும், மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்க 1967 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.

எதிர்ப்பு எழுந்தது கனடாக் கரையிலிருந்து. அங்கும் தீவுகளைச் சுற்றி மீன்வேலிகள் நிறைந்திருந்தன; பிளாக்ஸ் ஹார்பரில் பெரிய சார்டின் ஆலை நடந்துவந்தது. ஆனால் மின்திட்டத்தால் வரும் வேலைவாய்ப்பும் பணமும் பெரும்பாலும் அமெரிக்கக் கரைக்கே போகும் என்பதை மீனவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் உயிரியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹன்ட்ஸ்மன், நீரைப் புரட்டும் ஓட்டம் அணைகளால் நின்றுவிட்டால் ஹெர்ரிங் வளம் பாழ்படும் என 1928இல் எச்சரித்தார். கனடா நாடாளுமன்றம் 1926இல் வழங்கிய உரிமம் 1929இல் காலாவதியானபோது புதுப்பிக்கப்படவில்லை. ஒரு பெருந்திட்டத்தை வேலிமீன் பிடிப்பவர்களின் ஐயம் நிறுத்திவைத்த அரிய நிகழ்வு இது.

ஐயத்தைத் தீர்க்க இரு நாடுகளும் ஒரு கூட்டு மீன்வள ஆணையத்தை அமைத்து, 1931 முதல் 1933 வரை ஆய்வு நடத்தின. இங்கிலாந்தின் மைக்கேல் கிரகாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நீரின் வெப்பநிலை, உப்பளவு, ஓட்டம், மிதவையுயிர்களின் பரவல், ஹெர்ரிங்கின் வயது ஆகியவற்றை அளந்தனர். அணைக்கு வெளியே உள்ள மீன்பிடிப்புக்குப் பெரிய கேடு நேரும் என்று சொல்ல ஆதாரமில்லை என்றும், அணைக்கு உள்ளே அகப்படும் மீன்வேலித் தொழில் பெரும்பாலும் அழியும் என்றும் அவ்வாய்வு கருதியது. ஒரு மின்திட்டத்தின் உயிரியல் விளைவைக் கட்டுமானத்துக்கு முன்பே இவ்வளவு முறையாக ஆராய்ந்த முயற்சிகள் அக்காலத்தில் மிகக் குறைவு. ஆயினும் அந்த ஆய்வு எண்ணியது மீனை மட்டுமே. சங்கோசை கேட்டு ஓடும் பெண்களின் கூலியோ, சிபாயிக் முனையில் சிப்பி தோண்டுபவர்களின் கரையோ அதன் அளவுகோலுக்குள் வரவில்லை. மின்திட்டங்கள் பற்றிய பல பிற்கால ஆய்வுகளும் இதே வழக்கத்தைத் தொடர்ந்தன என்பதால், இக்குறையை அந்த ஆய்வாளர்களின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

1929இன் பொருளாதாரச் சரிவு தனியார் முதலீட்டாளர்களை விரட்டியது. ஆனால் 1933இல் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானதும் குவாடிக்கு வேறொரு வாசல் திறந்தது: மின்சாரம் விற்குமோ விற்காதோ, வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் நிவாரணத் திட்டமாக அதைத் தொடங்கலாம். 1935 மே மாதத்தில் நிவாரண நிதியிலிருந்து 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, இராணுவப் பொறியாளர் படையிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. கனடாவின் இசைவு இல்லாததால், காப்ஸ்குக் குடாவை மட்டும் பயன்படுத்தும் ஒற்றைத் தேக்கத் திட்டமாக அது சுருக்கப்பட்டிருந்தது. விட்டுவிட்டு வரும் மின்சாரத்தைச் சமன்செய்ய, மேட்டில் ஒரு தேக்கம் அமைத்து நீரை ஏற்றிவைக்கும் துணை ஏற்பாடும் வரைபடத்தில் சேர்க்கப்பட்டது. மூலத் திட்டத்தின் உயிர்நாடியை எடுத்துவிட்டு உடலை மட்டும் கட்டத் தொடங்கினார்கள் என்று இதைச் சொல்லலாம்.

அந்தக் கோடையில் ஈஸ்ட்போர்ட்டில் நேர்ந்த மாற்றம் அதன் வரலாற்றில் முன்போ பின்போ காணாதது. ஜூலை 4, சுதந்திர நாளன்று, விழாவுடன் பணி தொடங்கியது. ஏறத்தாழ 5,000 பேர் வேலையில் அமர்த்தப்பட்டனர். ஊரின் மொத்த மக்கள்தொகையையே மிஞ்சிய எண்ணிக்கை இது. மூஸ் தீவின் வடபகுதியில், பொறியாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் வெள்ளை மர வீடுகளும் பொது விடுதிகளும் உணவுக்கூடமும் கொண்ட ‘குவாடி வில்லேஜ்’ எனும் புதுக் குடியிருப்பு சில மாதங்களில் எழுந்தது. பாத்திகளும் தெருவிளக்கும் உள்ள அவ்வீடுகளைச் சார்டின் ஆலைத் தொழிலாளர்கள் வேடிக்கை பார்க்கப் போனதில் வியப்பில்லை. பாறைகளை வெடித்து மண்ணும் கல்லும் கொட்டி மூன்று சிறு அணைகள் எழுப்பப்பட்டன: சிபாயிக் முனைக்கும் கார்லோ தீவுக்கும் இடையில் ஒன்று, கார்லோவுக்கும் மூஸ் தீவுக்கும் இடையில் ஒன்று, ட்ரீட், டட்லி தீவுகளுக்கு இடையில் ஒன்று. ஓட்டம் குறைவான, அடைக்க எளிதான இடங்கள் இவை. ஓட்டம் மிகுந்த பெரிய வாயில்களில் கை வைக்கும் கட்டம் வரவேயில்லை.

1936இல் அமெரிக்க நாடாளுமன்றம் மேற்கொண்டு பணம் தர மறுத்தது. செனட் உறுப்பினர் வாண்டன்பெர்க் முதலியோர் குவாடியையும் புளோரிடாக் கப்பல் கால்வாயையும் சேர்த்தே வீண்செலவின் எடுத்துக்காட்டுகளாகக் காட்டினர்; தனியார் மின்நிறுவனங்கள் அரசு மின்சாரத்தை விரும்பவில்லை; மீனவர்களின் பழைய குறையும் தீர்ந்தபாடில்லை. கோடையின் இறுதியில், ஏறத்தாழ 70 லட்சம் டாலர் செலவான நிலையில் பணி நின்றது. அவ்வாண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் நாடு முழுவதும் ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தெடுக்க, வெர்மான்டும் மெய்னும் மட்டுமே எதிராளியின் பக்கம் நின்றன. பெருந்திட்டம் பெற்ற மாநிலமே வாக்கைத் தரவில்லை என்பது அரசியல் கணக்கிடுவோர் மறக்காத செய்தி.

கூட்டம் வந்த வேகத்திலேயே கலைந்தது. வளர்ச்சியை எதிர்பார்த்திருந்த ஊரிடம் வரி செலுத்தும் வலு இல்லாத மக்களும் கடனும் எஞ்சின. 1937இல் ஈஸ்ட்போர்ட் நகராட்சி நொடித்துப்போனது. கூப்பர் 1938இல் காலமானார். குவாடி வில்லேஜ் சில ஆண்டுகள் தேசிய இளைஞர் நிர்வாகத்தின் தொழிற்பயிற்சிக் கூடமாகவும், பின்னர் போர்க்காலத்தில் கடற்படைக் கட்டுமானப் படையினரின் முகாமாகவும் இருந்தது. அணை முழுவதும் எப்படி அமையும் என்று காட்டச் செய்த ஓர் அறையளவு மாதிரி இன்றும் ஈஸ்ட்போர்ட்டில் காட்சிக்கு இருக்கிறது. திட்டம் முழு உருவம் பெற்றது அதில் மட்டுமே.

சிபாயிக்கில் நேர்ந்த விளைவுதான் நீடித்தது; வரலாறுகளில் மிகக் குறைவாக எழுதப்பட்டதும் அதுவே. முனைக்கும் மூஸ் தீவுக்கும் இடையிலான இரு அணைகளும் பாஸமகுவாடிக் குடாவுக்கும் காப்ஸ்குக் குடாவுக்கும் இடையில் அங்கிருந்த நீர்வழியை மூடிவிட்டன. பல தலைமுறைகளாகத் தோணியும் மீனும் சென்ற வழி அது. பின்னர் அணைகளின்மேல் ஈஸ்ட்போர்ட்டுக்குச் செல்லும் மாநிலச் சாலை அமைந்து, ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஊடாகவே ஓடியது. அணை வேண்டும் என்று வாதாடிய ஊர் மின்சாரம் கிடைக்காமல் ஏமாந்தது. அதைக் கேட்காத ஊருக்கு அணையே கிடைத்தது. 1794 உடன்படிக்கைக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்பளிக்காததால், அதன் மூலம் பறிபோன நிலங்கள் சட்டப்படி பறிபோகவில்லை என வாதிட்டு இம்மக்கள் தொடுத்த வழக்கு 1975இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. 1980இல் பெனோப்ஸ்காட் முதலிய மெய்ன் பழங்குடிகளோடு சேர்த்து 8.15 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாடு எட்டப்பட்டது. நிலத்துக்கு விலை பேசிய அவ்வுடன்பாட்டால் நீர்வழி திறக்கப்படவில்லை.

போருக்குப் பின் இரட்டைத் தேக்கத் திட்டம் மீண்டும் எழுந்தது. இரு நாடுகளின் எல்லை நீர்நிலைகளைக் கவனிக்கும் சர்வதேசக் கூட்டு ஆணையம் 1956 முதல் ஆராய்ந்து, தலா 10 மெகாவாட் திறனுள்ள 30 டர்பைன்கள், நிரப்பவும் வடிக்கவும் 160 மதகுகள் கொண்ட 300 மெகாவாட் திட்டத்தை வரைந்தது. மீன்வளத்துக்கான கேடு சிறிதே என்று இம்முறை ஆய்வாளர்கள் கருதினர். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் முடிவு இவ்வளவு தணிந்தது கவனிக்கத்தக்கது. ஆனால் கணக்கு கட்டுப்படியாகவில்லை. 1961இல் ஆணையம் அதைப் பரிந்துரைக்கவில்லை. 1963 ஜூலையில் குடியரசுத் தலைவர் கென்னடி மறுபரிசீலனைக்குப் பின் ஆதரவு தெரிவித்தார். அவரது மறைவுக்குப் பிறகு அதைத் தூக்கிப்பிடிக்க ஆளில்லை. இதற்கிடையில், 1966இல் பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 240 மெகாவாட் ஓத மின்நிலையம் இயங்கத் தொடங்கியதால், தொழில்நுட்பம் சாத்தியமா என்ற கேள்வி ஓய்ந்துவிட்டது. ஈஸ்ட்போர்ட்டின் கடைசிச் சார்டின் ஆலை 1983இல் மூடப்பட்டது. அணை வராமலே அத்தொழில் அழிந்தது.

2012இல் காப்ஸ்குக் குடாவில், அணை ஏதுமின்றி நீருக்கு அடியில் நிறுத்தப்பட்ட டர்பைன் ஒன்று 150 கிலோவாட் உச்சத் திறனுடன் மின்தொகுப்பில் இணைக்கப்பட்டது. ஓடும் நீரை அடைக்காமல் அதன் வேகத்தையே பயன்படுத்துவது இதன் அடிப்படை. டர்பைனை அணுகும் மீன்கள் எப்படி விலகுகின்றன என்பதை மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலியலைக் கருவிகளால் கண்காணித்தனர். 1920களில் வேலிமீன் பிடித்தவர்கள் எழுப்பிய கேள்வி இவ்வாறு உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்றாகவே மாறியிருந்தது. சிபாயிக்குக்கும் மூஸ் தீவுக்கும் இடையில் 1930களில் கொட்டிய கல்லும் மண்ணும் அப்படியே உள்ளன. 190ஆம் எண் மாநிலச் சாலை அவற்றின்மேல்தான் செல்கிறது. ஈஸ்ட்போர்ட்டுக்கு வேறு தரைவழி கிடையாது என்பதால், அந்நீர்வழியை மீண்டும் திறப்பதென்றால் முதலில் அங்கே பாலம் கட்டியாக வேண்டும்.